காரியதரிசியை அப்புக்காத்தாக்கிய பயணம்

சென்ற மார்கழியில் மதவாச்சியிலிருந்து தலைமன்னாருக்குப் போனேன். வெள்ளம் ரயில் பாதையை அரித்துவிட்டதால் மோட்டார் கார்தான். இந்தியாவுக்குக் கப்பலேற அந்த வழியே போக இருப்பவர்களுக்கு உதவட்டும் என்று எழுதுகிறேன்.

நான் மொழிபெயர்ப்பாளன். என்னோடு வந்தவர் ஓர் அமெரிக்கத் துரை. தண்ணீர் வழக்குகள் பேசிப் பேரெடுத்த வக்கீல், இப்போது அவர்கள் நாட்டு மந்திரிசபையில் இருக்கிறார். அங்கே மந்திரியைக் காரியதரிசி என்றுதான் சொல்வார்களாம். அநுராதபுரம் பார்க்க வந்த இடத்தில் தந்தி கிடைத்தது: மதுரை ஆஸ்பத்திரியில் மனைவிக்கு அவசர சத்திரசிகிச்சை. அன்றைய கப்பலைத் தவறவிட்டால் மறுநாள்தான். பிறவியிலேயே பதறுகிற நான் உடனே கார் பிடிக்க ஓடினேன்.

மன்னார்வரை ஐம்பது மைல் சொச்சம், அங்கிருந்து தலைமன்னாருக்கு இன்னும் பதினெட்டு மைல், கார் வாடகை இருபது ரூபாய். மடுச் சந்தி தாண்டும்வரை பயமில்லை. அப்பால் கட்டுக்கரைக் குளம் நிரம்பி வான்பாய்ந்து தெருவை மூடியிருந்தது. அந்தச் சேற்றில் கார் புதைந்துவிட்டது. சாரதி நெய்னா சிலாவத்துறைக்காரர். இறங்கிப் பார்த்து, "அல்லாவே, அச்சுவரைக்கும் இறங்கிட்டுது. மாடு கட்டித்தான் இழுக்கோணும்" என்றார்.

வயல் வரம்பில் எருமைச் சோடியோடு கந்தையா என்றொரு கமக்காரர் நின்றார். நான் ஓடிப்போய், "ஐயா, துரை பெரிய காரியதரிசி. கெதியா இழுத்துவிடுங்கோ" என்றேன். பிழை விட்டது அங்கேதான்.

"எந்த அரசாங்கக் கந்தோரிலை?" என்றார் அவர், அசையாமல். "வாய்க்காலைத் திருத்தச் சொல்லிக் கந்தோர் கந்தோரா அலைஞ்சு கால் தேஞ்சு போச்சு. காரியதரிசி நாளைக்கு வா எண்டுதான் சொல்லுவார். உவரும் நாளைக்குப் போகட்டும்."

நான் பேச்சை மாற்றினேன். "இல்லை ஐயா, அவர் அப்புக்காத்து. கமக்காரருக்காகத் தண்ணி வழக்குப் பேசினவர். மனுசி ஆஸ்பத்திரியிலை கிடக்கிறா."

"அதை முதலே சொல்லியிருக்கலாமே" என்று நுகத்தடியை எடுத்தார் கந்தையா. கார் மேடேறியதும், "அப்புக்காத்தையாவிட்டைச் சொல்லுங்கோ, மனுசிக்கு ஒண்டும் வராது" என்றார்.

தலைமன்னாரில் கப்பல் சங்கு ஊதிவிட்டது. ஏணியில் கால் வைத்த துரை திரும்பி, அந்த எருமைக்காரரிடம் என்ன சொன்னாய் என்று கேட்டார். காரியதரிசியிலிருந்து உங்களை அப்புக்காத்தாக, அதாவது வக்கீலாக, இறக்கிவிட்டேன், மன்னியுங்கள் என்றேன்.

"என் மனைவி கேட்பதும் அதைத்தான். வக்கீலாக இருந்தபோது இரவுச் சாப்பாட்டுக்காவது வீட்டுக்கு வருவேன்" என்றார்.

மாரியில் இந்தப் பக்கம் வருகிறவர்கள் அரை நாள் முந்தியே புறப்படுங்கள். குடிதண்ணீர் கொண்டு வாருங்கள், மன்னார்த் தீவில் பல கிணறுகள் உப்பு. சேற்றில் கார் புதைந்தால் பதவிப் பேரெதையும் வாயில் எடுக்காதீர்கள்.

ஒரு கிழமையாக எனக்குச் சோறே இறங்கவில்லை. அதன்பிறகுதான் தந்தி வந்தது: "மனைவி பிழைத்தாள். பதவியை விட்டுவிட்டேன். எருமைக்காரரிடம் சொல், நான் அப்புக்காத்துத்தான்."

கட்டுக்கரைக்குப் போய் வாசித்துக் காட்டினேன். கந்தையா திரும்பவும் ஒருமுறை வாசிக்கச் சொல்லிக் கேட்டார்.

"நல்லது" என்றார். "அப்ப என்ர வாய்க்கால் வழக்குக்கு எப்ப வாறாராம்?"