பெரியப்பாவின் லாரியும் என் பெயரிலிருந்த வீடும்

வேடசந்தூரில் நாங்கள் குடியிருந்த ஓட்டு வீடு என் பெயரில் இருந்தது. நான் கைக்குழந்தையாக இருந்தபோதே அப்பா அப்படித்தான் பத்திரம் எழுதி வாங்கியிருந்தார். பத்து வயதில் நான் விடிந்தும் எழாமல் கிடந்தால் அம்மா, "வீட்டுக்காரம்மா, எந்திரிச்சு ஒங்க வாசலைக் கூட்டுங்க" என்பாள். கேலிதான் என்றாலும் அந்த மரியாதை எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

அந்த வீட்டை விற்றுப் பெரியப்பாவுக்கு லாரி வாங்கிக் கொடுப்பதென்று ஒருநாள் முடிவாயிற்று. முடிவெடுத்தவர் பெரியப்பா. அண்ணன் பேச்சுக்கு மறுபேச்சுப் பேசியறியாத அப்பா, "சரிண்ணே" என்றார். அம்மாவுக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. வாடகை வீட்டில் பட்ட பாடு அவளுக்குத்தானே தெரியும்.

"புள்ள பேர்லதான இருக்கு? அவளையும் கூட்டிட்டு வா. கைநாட்டு வச்சா சோலி முடிஞ்சிச்சு" என்றார் பெரியப்பா. நான் விடுவேனா? ரேகை விழக் கூடாதென்று கட்டைவிரலை வாசற்படியில் தேய் தேயென்று தேய்த்தேன். தோல் வழன்று எரிந்ததுதான் மிச்சம்.

திண்டுக்கல்லில் பத்திரம் எழுதுபவர் பழைய பத்திரத்தைப் பார்த்தார். கண்ணாடியை இறக்கிவிட்டு என்னைப் பார்த்தார். என் விரலைக் கேட்கவேயில்லை.

"மைனர் சொத்துங்க இது. பெத்த அப்பனே ஆனாலும் கோர்ட்டு அனுமதி இல்லாம விக்க முடியாது. பெரியப்பனுக்கு லாரி வாங்கணும்னு போய் நின்னா கோர்ட்டும் குடுக்காது. மீறி வித்தா, நாளைக்கு இந்தப் புள்ள வளந்து கேஸ் போடும். வாங்குனவன் தலையில துண்டுதான்."

சட்டத்தையே நான்தான் போட்டதுபோலப் பெரியப்பா என்னை முறைத்தார். பத்திரக்காரர் அப்பா பக்கம் திரும்பினார். "எழுதுற அன்னைக்கே இம்புட்டும் ஒங்ககிட்டச் சொன்னேனே?"

அப்பா தலையைச் சொறிந்தார். "மறந்தே போச்சுங்க."

பெரியப்பா கோபித்துக்கொண்டு வேறு பஸ்ஸில் போய்விட்டார். அப்பா எனக்குப் பரோட்டா வாங்கிக் கொடுத்தார். சேதி கேட்டு அம்மா, "மாரியாத்தா, வயித்துல பால வாத்த" என்று அப்படியே உட்கார்ந்துவிட்டாள். எனக்கும் அப்பாடா என்றிருந்தது. போன காரியம் நடக்காமல் திரும்பிய அப்பா மட்டும் ஏன் வழியெல்லாம் பாட்டு முணுமுணுத்தார் என்று தெரியவில்லை.

அப்பாவுக்கு ஞாபக மறதி என்று பல வருஷம் நம்பினேன். ரேஷன் கார்டு நம்பரைப் பார்க்காமல் ஒப்பிக்கிற மனிதர் அவர். அண்ணனிடம் "முடியாது" என்று சொல்லத் தன்னால் ஒருநாளும் ஆகாதென்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. தனக்குப் பதிலாக அதைச் சொல்லத்தான், இன்னும் பேச்சே வராத கைக்குழந்தையின் பெயரில் வீட்டை எழுதி வைத்திருக்கிறார்.