சஜ்தாவும் ஒரு காற்றுக் குமிழும்

விடியற்காலைத் தொழுகையில் நெற்றியைத் தரையில் வைக்கக் குனிந்தபோது (இதை சஜ்தா என்போம்) விரிப்பில் ஒரு எறும்பு நின்றது. நசுங்கிவிடுமே என்று நெற்றியைக் கொஞ்சம் தள்ளி வைத்தேன். அடுத்த சஜ்தாவிலும் அது அதே தூரத்தில் நின்றது. தொழுது முடித்து விளக்கைப் போட்டுத் தேடினேன். விரிப்பில் ஒன்றும் இல்லை. நிமிர்ந்து சுவரைப் பார்த்தால் எறும்பு சுவரில் இருந்தது.

அன்று முழுவதும் வலது கண் போன இடமெல்லாம் அந்தக் கறுப்புப் புள்ளியும் போனது. சாயங்காலம் கண் ஓரத்தில் மின்னல் வெட்டியது. வெளியே மழை இல்லை. நான் யாரிடமும் சொல்லவில்லை. என் காரியத்தை நானே எடுத்துச் சொல்ல எனக்கு எப்போதும் கூச்சம். வயசானால் இப்படித்தான் என்று முடிவு செய்துகொண்டேன். நீங்கள் அப்படி இருக்காதீர்கள். புள்ளியும் மின்னலும் சேர்ந்து வந்தால் அன்றைக்கே கண் டாக்டரைப் பாருங்கள். ஐந்தாம் வகுப்புப் படித்த நான் இதை எழுத உட்கார்ந்ததற்கு முதல் காரணம் அதுதான்.

பிறகு மூக்குப் பக்கத்திலிருந்து ஒரு கறுப்புத் திரை நகர்ந்து வந்தது. என் மகன் அன்வர் குன்னூரில் ஒரு பேக்கரியில் வர்க்கி பிஸ்கட் போடுகிறான். டீ டம்ளரை மேசையில் வைப்பதாக நினைத்து வெறும் காற்றில் விட்டேன். அதைப் பார்த்து அவன்தான் கண்டுபிடித்தான்.

“இடது கண்ணை மூடிட்டு என்னைப் பாருங்கம்மா.”

“பாதி அன்வர்தான் தெரியறான்.”

“மீதிப் பாதி போய் எத்தனை நாளாச்சு? அதையும் நான்தான் கேக்கணுமா?”

மறுநாளே கோயம்புத்தூருக்குக் கூட்டிப் போனான். டாக்டரம்மா பார்த்துவிட்டு விழித்திரை விலகல் என்றார் (கண்ணின் உள்ளே பின்பக்கம் ஒட்டியிருக்கும் மெல்லிய படலம் கழன்று வருவது). எங்கள் வீட்டுச் சுவரில் மழைக்காலத்தில் ஈரம் இறங்கிச் சுண்ணாம்பு உப்பிக்கொண்டு உரியும். அதை நினைத்ததும் எனக்கு விளங்கிவிட்டது.

“ஆபரேஷன் வரைக்கும் தலையைக் குனியாதீங்க, குலுக்காதீங்க,” என்றார்.

கேட்கலாமா வேண்டாமா என்று முந்தானையைத் திருகிக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டேன். “தொழுகைக்குக்கூடங்களா?”

“உக்காந்துட்டே தொழுங்கம்மா. நெத்தியைத் தரையில வைக்க வேண்டாம்.”

நாற்காலியில் உட்கார்ந்து தொழுதேன். என் நெற்றி தரையைத் தொடாத நாட்கள் அதற்கு முன் மிகவும் குறைவு. ஆஸ்பத்திரிக்குப் போகிறோம் என்பதைவிட அதுதான் என்னை நோயாளி ஆக்கியது.

ஆபரேஷன் முடிந்ததும் எல்லாம் தலைகீழானது. கண்ணுக்குள் ஒரு வாயுக் குமிழ் வைத்திருந்தார்கள். குமிழ் எப்போதும் மேலே போகும். முகம் தரையைப் பார்த்திருந்தால் அது பின்பக்கத்துப் படலத்தைத் தாங்கி ஒட்ட வைக்கும். அதனால் இனி நிமிரவே கூடாது. சாப்பிடும்போதும் தூங்கும்போதும் கவிழ்ந்துதான் இருக்க வேண்டும்.

பக்கத்துக் கட்டிலில் அருவங்காட்டு சரோஜா இருந்தார். புரை ஆபரேஷனுக்கு வந்தவர்.

“ஏனுங்கக்கா, எந்நேரமும் தொழுதுட்டே இருக்கீங்களே. உங்க சாமிக்குக் கொஞ்சம் ஓய்வு குடுக்கக் கூடாதா?”

தலையணையில் முகத்தை வைத்துக்கொண்டே சிரித்தேன். “இது கண்ணுக்குங்க. தொழுகை வேறங்க.”

சொல்லிவிட்ட பிறகுதான் அதை யோசித்தேன். நாள் முழுவதும் குனிந்திருப்பது வைத்தியம். அது வணக்கம் ஆகாது. நேரம் வந்ததும் நனைத்த கையால் கண் கட்டின் மேல் தடவி ஒளுச் செய்து (தொழுகைக்கு முன் கை, முகம் கழுவுவது), இது அல்லாஹ்வுக்காக என்று மனதில் எண்ணம் வைத்தால் (நிய்யத் என்போம்) அதே குனிதல் தொழுகையாகிறது. நிற்க முடியாது. ருகூவுக்குத் (இடுப்பை வளைத்துக் குனிவது) தலையைக் கொஞ்சம் தாழ்த்தினேன், சஜ்தாவுக்கு இன்னும் கொஞ்சம். அன்வர் போனில் எங்கள் பள்ளிவாசல் ஹஸரத்தைக் கேட்டபோது, முடிந்த அளவுதான் கடமை என்று சொல்லிவிட்டாராம். பார்க்கிறவருக்கு இரண்டு குனிதலுக்கும் வித்தியாசம் தெரியாது. யாருக்காகக் குனிகிறேனோ அவனுக்குத் தெரியும்.

சரோஜா வீட்டுக்குப் புறப்படும்போது, “டாக்டரம்மா காலைத் தொட்டுக் கும்பிட்டுட்டு வந்தேனுங்க. நீங்களும் கும்புடுவீங்களா?” என்றார்.

“நாங்க மனுசங்க காலுக்குக் குனியறதில்லீங்க. அவங்களுக்காக அல்லாஹ்கிட்ட துஆ கேப்பேன்.”

“எனக்கும் சேத்துக் கேளுங்க. கண்ணுக்கில்லீங்க, மருமகளுக்கு.”

எங்களை அனுப்பும்போது டாக்டரம்மா, “குமிழ் கரையற வரைக்கும் பிளேன்ல போகக் கூடாதுங்க,” என்றார்.

அன்வர் சிரித்துவிட்டான். “நாங்க பஸ்ஸுக்கே யோசிக்கறவங்க டாக்டர்.”

அவரும் சிரித்தார். ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தால் எடுக்க வசதியாக என் நாத்தனார் சபியாவின் கோயம்புத்தூர் விலாசத்தையும் போன் நம்பரையும் கொடுத்திருந்தோம். நாங்கள் மலைக்காரர்கள் என்று அவருக்குத் தெரியாது. அதைச் சொல்ல வேண்டும் என்று எங்களுக்கும் தெரியாது.

சபியா வீட்டில்தான் தங்கினேன். கவிழ்ந்து கிடந்த எனக்கு அவள்தான் கரண்டியால் கஞ்சி ஊட்டினாள், தலை வாரினாள். ஒருநாள் எண்ணெய் தேய்த்துக்கொண்டே சொன்னாள்.

“அண்ணி, உங்க கண்ணு நல்லாகணும்னு நம்ம மலை தர்காவுல அவ்லியாவுக்கு ஒரு கிடா நேர்ந்திருக்கேன்.”

அவ்லியா என்றால் இறைநேசர். அங்கே அடங்கியிருப்பவர் நல்லவர் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

“அவருக்கா, அல்லாஹ்வுக்கா சபியா?”

“ரெண்டும் ஒண்ணுதானுங்க அண்ணி. அவரு சொன்னா அவன் கேப்பான்.”

நான் பேசாமல் இருந்துவிட்டேன். நேர்ச்சையும் தொழுகை மாதிரி ஒரு வணக்கம்தான் என்று சின்ன வயதில் ஓதிக்கொடுத்திருந்தார்கள். அறுப்பதும், கையேந்திக் கேட்பதும் அப்படித்தான், அல்லாஹ்வுக்கு மட்டும் உரியவை. ஆனால் எனக்குக் கஞ்சி ஊட்டுகிற கையிடம் இதை எப்படிச் சொல்வது? பார்வை போய்விடுமோ என்ற பயம் ஒரு பக்கம். அந்தப் பயத்தில் நான் யாரிடம் கேட்கிறேன் என்பதே கலங்கிவிடுமோ என்ற பயம் இன்னொரு பக்கம். இரண்டாவதை யாரிடமும் சொல்லவில்லை.

பக்ரீத் நெருங்கியது. நேர்ச்சையை முடித்துவிட்டு எங்கள் வீட்டில் பெருநாள் கொண்டாடலாம் என்று சபியா கார் பேசினாள். கூட்டிப் போக அன்வரும் வந்திருந்தான். எனக்கும் வீட்டுக்குப் போனால் போதும் என்றிருந்தது. மடியில் தலையணை வைத்து அதில் முகத்தைக் கவிழ்த்துக்கொண்டேன்.

கல்லாறு தாண்டி வளைவுகள் தொடங்கியதும் கண் கனத்தது. பர்லியாறு வரும்போது உள்ளேயிருந்து யாரோ ஊதிப் பெருக்குவது போல வலித்தது. வாந்தி எடுத்தேன். அந்தக் கண்ணில் இருந்த மங்கல் வெளிச்சமும் போய்விட்டது.

சபியா என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். “அவ்லியாவே, உங்க நேர்ச்சைக்குத்தானே வர்றோம். அண்ணிய விட்டுடுங்க.”

எந்தப் பெயரைச் சொன்னால் நிற்குமோ அதைச் சொல்லிவிடலாம் என்று தோன்றுகிற வலி அது. அதை மறைக்க வேண்டியதில்லை. வாயைத் திறந்தேன். “அல்லாஹ்” என்றுதான் வந்தது. “அவனைக் கூப்பிடு சபியா. அவனை மட்டும் கூப்பிடு,” என்றேன்.

“குன்னூர் பக்கத்துலதானுங்க. ஏறிரலாமுங்களா?” என்று டிரைவர் கேட்டார். அன்வர் ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டுச் சத்தமாக வைத்தான்.

“எங்கிருந்து பேசறீங்க?” என்றார் நர்ஸ்.

“பர்லியாறு.”

“மலை ஏறிட்டிருக்கீங்களா? ஒரு வளைவுகூட மேல போகாதீங்க. உடனே இறங்குங்க.”

வண்டியைத் திருப்பினார்கள். இறங்க இறங்க வலி தளர்ந்தது. மேட்டுப்பாளையத்தில் கண்ணில் மறுபடி கொஞ்சம் வெளிச்சம் வந்தது.

டாக்டரம்மா கண் அழுத்தத்தைப் பார்த்து மருந்து கொடுத்த பிறகுதான் பேசினார். “மலை ஊருன்னு சொல்லவே இல்லையேம்மா. மேல போகப் போக வெளிக்காத்தோட அழுத்தம் குறையும். உள்ள இருக்கற குமிழ் பெருக்கும். பிளேனும் மலையும் கண்ணுக்கு ஒண்ணுதான்.” நீலகிரியிலிருந்து இந்த ஆபரேஷனுக்குப் போகிறவர்கள், யாரும் கேட்காவிட்டாலும், முதலில் ஊரைச் சொல்லிவிடுங்கள்.

சபியா வீட்டுக்குத் திரும்பியதும் அவள் மெல்ல ஆரம்பித்தாள். “நேர்ச்சைய பக்ரீத் வரைக்கும் தள்ளிப் போட்டது அவருக்குப் பொறுக்கல போலருக்குதுங்க அண்ணி.”

இந்தத் தடவை நான் பேசாமல் இருக்கவில்லை. முகம் கீழே இருந்ததால் அவளைப் பார்க்க வேண்டியிருக்கவில்லை. அது எனக்கு உதவியாக இருந்தது.

“என் கண்ணுல காத்து பெருத்துச்சு சபியா. அவ்வளவுதான். அந்த நல்ல மனுசர் மேல ஏன் பழி போடறே? உசுரோட இருந்தப்ப அவரும் குனிஞ்சு அவன்கிட்டத்தானே கேட்டாரு. எனக்காகக் கிடா அறுக்கணும்னா அல்லாஹ்வுக்குன்னு அறு. இல்லாட்டி என் கண்ணு இப்படியே இருந்தாலும் பரவாயில்ல.”

அவள் என் தலையணையைச் சரி செய்தாள். பிறகு, “இவ்வளவு பேச்சையும் வாய்க்குள்ள வெச்சுக்கிட்டா இத்தனை வருசம் இருந்தீங்க?” என்றாள். கோபமா சிரிப்பா என்று குரலில் தெரியவில்லை.

பெருநாளன்று கிடாவை அல்லாஹ்வின் பெயரால் குர்பானி கொடுத்தார்கள். கறியின் ஏழைகள் பங்கை அவளே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தாள். தர்காவுக்கு இன்னமும் போகிறாள். ஸலாம் சொல்லிவிட்டு வந்தேன் என்கிறாள். என்ன கேட்டாள் என்று நான் கேட்பதில்லை.

குமிழ் சிறுத்துக்கொண்டே வந்தது. நிமிர அனுமதி கிடைத்த பிறகு அது பார்வையின் அடியில் ஒரு கறுப்பு உருண்டையாக ஆடியது. பட்டாணி அளவானது, கடுகளவானது. ஒரு காலையில் காணவில்லை. டாக்டரம்மா சோதித்துவிட்டு மலை ஏறலாம் என்றார். பர்லியாற்றில் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன். ஒன்றும் ஆகவில்லை.

பார்வை முழுவதும் திரும்பவில்லை. வலது கண்ணுக்கு நேர்கோடுகள் வளைந்து தெரிகின்றன. விரிப்பில் நெய்த மினாரா லேசாகச் சாய்ந்திருக்கிறது. இது இப்படியேதான் இருக்குமாம். எழுவதும் குனிவதும் இப்போது மெதுவாகத்தான். முன்பெல்லாம் உலை கொதிக்கிறதே என்று சஜ்தாவிலிருந்து சீக்கிரம் எழுந்துவிடுவேன். இப்போது நெற்றி தரையில் இருக்கும்வரை நேரம் என்று ஒன்று இருப்பதே தெரிவதில்லை. தரை குளிர்ந்திருக்கிறது, அது மட்டும் தெரிகிறது.

போன வாரம் விடியற்காலையில் குனிந்தபோது விரிப்பில் ஒரு கறுப்புப் புள்ளி. குனிந்தது குனிந்தபடி நின்றுவிட்டேன். கண்ணை அசைக்காமல் பார்த்தேன். அது தானாக நகர்ந்து, சாய்ந்த மினாராவைக் கடந்து, விரிப்பின் ஓரத்தில் இறங்கிப் போனது. அது போகும்வரை காத்திருந்துவிட்டு நெற்றியை வைத்தேன்.