வண்டல் மேட்டில் ஏறிய மச்சான்

எங்கள் ஊருக்கு இன்று மதில் இருக்கிறது, கோயில் இருக்கிறது, மதில் வாசலில் நின்று "எங்கே போகிறாய்" என்று கேட்க ஓர் ஆளும் இருக்கிறான். இவையெல்லாம் தெய்வங்கள் வானத்திலிருந்து இறக்கி வைத்தவை என்று கோயிலில் பாடுகிறார்கள். பாடட்டும், அவர்களுக்கும் பார்லி வேண்டுமே. நான் கண்ணால் பார்த்த கணக்கில், இது என் பக்கத்து வயல்காரர் லுதுகா போட்ட ஒரு வாய்க்கால் சண்டையில் தொடங்கியது.

லுதுகா போன அறுவடைக்குப் பிறகு இறந்துபோனார். பச்சை வெங்காயத்தைக் கடித்துக்கொண்டேதான் வழக்குப் பேசுவார். எதிராளி சீக்கிரமே ஒப்புக்கொள்வான்.

யூப்ரடீஸ் ஆற்றின் குணம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். பயிர் தவிக்கும் குளிர்காலத்தில் மெலிந்து கிடக்கும். கதிர் முற்றி அறுவடைக்கு நிற்கும்போது வெள்ளமாக வந்து நலம் விசாரிக்கும். அதனால்தான் வாய்க்கால் வெட்டினோம். அவரவர் வயலுக்கு நேராக உள்ள வாய்க்காலை அவரவர் தூர்வார வேண்டும் என்பது வழக்கம். தலைமடையில் உர்மெஸ், கடைமடையில் லுதுகா. இருவருக்கும் நடுவே யாருக்கும் சொந்தமில்லாத ஒரு நாணல் காடு. யாருக்கும் சொந்தமில்லாததால் அங்கே யாரும் தூர்வாரவில்லை.

ஒரு வருடம் அந்த இடத்தில் வண்டல் அடைத்துக்கொண்டது. லுதுகாவின் பார்லி பால் பிடிக்கும் நேரம். கடைசித் தண்ணீர் வராவிட்டால் வீட்டுக்கு வருவது வெறும் வைக்கோல்தான்.

"ஏன்டா உர்மெஸ், உன் வயல்ல தவளை நீச்சலடிக்குது, என் வயல்ல ஓணான் நாக்கைத் தொங்கப் போட்டுக்கிட்டுத் திரியுது. இன்னும் நாலு எட்டு தள்ளி வாரினா கை முறிஞ்சா போயிடும்?"

"என் வயல் முடியுற வரைக்கும் வாரியாச்சு அண்ணே. நாணலுக்கு நானா பொறுப்பு? அதுகிட்டயே போய்க் கேளுங்க."

நாணலுக்குள் ஆள் இருந்தது. லுதுகாவின் மனைவி நின்கல்லாவின் தம்பி, குனிது. வயல் கிடையாது, ஏரைத் தொட்டதும் கிடையாது. குடிசை போட்டு, மீன் பிடித்து, தின்று, தூங்கினான். லுதுகாவுக்கு அப்போதுதான் அந்த யோசனை வந்தது. உர்மெஸ்ஸையும் இழுத்துக்கொண்டு போனார். வேடிக்கை பார்க்க நானும் போனேன்.

"மச்சான், வாய்க்காலுக்கு நேரா குடியிருக்கிறவன் நீதான். வழக்கப்படி நீதான் வாரணும்."

குனிது கண்ணைத் திறக்கவில்லை. "அப்ப இது என் பங்குன்னு ஒத்துக்கறீங்களா மாமா?"

"ஒத்துக்கறேன்."

"உர்மெஸ், நீ?"

"எனக்கென்ன வந்துது?"

"சரி. என் பங்குல ஓடுற தண்ணி இனிமே என் பேச்சைக் கேக்கும். மாமா கீழிருந்து வெட்டட்டும், உர்மெஸ் மேலிருந்து வெட்டட்டும். யார் ஏமாத்துறான்னு நான் பாத்துக்கறேன்."

"நான் எதுக்கய்யா வெட்டணும்?" என்றான் உர்மெஸ்.

"வேணாம்னா விடு. நான் வாய்க்கால்ல குறுக்க அணை போட்டுட்டுத் தூங்குவேன். தண்ணி திரும்பி உன் வயலுக்குத்தான் வரும். கதிர் அழுகினா என்னைக் கேக்காத."

இருவரும் வெட்டினார்கள். வாரிய சேற்றை எங்கே கொட்டுவது? குனிது படுத்திருந்த இடம் மட்டும்தான் காய்ந்த தரை. கூடை கூடையாக அங்கேயே கொட்டினார்கள். ஒவ்வொரு அடுக்கு விழும்போதும் அவன் எழுந்து அதன் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டான். சாயங்காலம் அங்கிருந்து பார்த்தால் இரண்டு வயலும் தெரிந்தன.

தண்ணீர் வந்தது. லுதுகா வரப்பில் குப்புறப் படுத்து, வெடிப்புகள் தண்ணீர் குடிக்கும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார். நின்கல்லா பீர்ப் பானையைக் கொண்டுவந்து வைத்தாள். ஒரே பானைக்குள் நாணல் குழல்களை விட்டு எல்லோருமாக உறிஞ்சினோம். அப்படி ஒரு பீரை இன்று கோயில் மடைப்பள்ளியிலும் காய்ச்சத் தெரியவில்லை.

பிறகு வருடா வருடம் தூர்வாரல், வருடா வருடம் சேறு. மேடு வளர்ந்தது. அடுத்த வாய்க்கால்காரர்களும் வழக்கைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். தீர்ப்புச் சொல்கிறவன் மீன் பிடிக்கப் போக முடியுமா? பார்லி கொடுத்தோம். பார்லிக்கு எலி வந்தது, களஞ்சியம் கட்டினோம். களஞ்சியத்துக்குத் திருடன் வந்தான், காவல் வைத்தோம். அடுத்த ஊரிலும் இதேபோல் ஒரு மேடு, அதன் மேல் இதேபோல் ஓர் ஆள். அதனால் மதில். அரசனை நாங்கள் யாரும் தேர்ந்தெடுக்கவில்லை. மண்ணைக் கொட்டினோம், அவன் மேலே இருந்தான்.

லுதுகாவின் கடைசி வருடம் சூடான காற்று முன்கூட்டியே வீசியது. முறை வருவதற்கு முன்பே தண்ணீர் கேட்க மேட்டுக்குப் போனார். துணைக்கு நான்.

"யார் வந்திருக்கறதா சொல்லணும்?" என்றான் காவல்காரன்.

"அக்கா புருஷன்னு சொல்லுப்பா."

"இங்க வர்றதுல பாதிப் பேர் அதைத்தான் சொல்றாங்க பெரியவரே. அப்படி உக்காருங்க."

நிழலில் ஏற்கெனவே உர்மெஸ் உட்கார்ந்திருந்தான், அதே கோரிக்கையோடு. "அண்ணே, சும்மா ரெண்டு வார்த்தை என்னைத் திட்டுங்களேன். பொழுது போவ மாட்டேங்குது."

"எதுக்குடா திட்டறது? தண்ணிய நிறுத்தறது நீ இல்லையே."

உள்ளேயிருந்து பதில் வந்தது: முறைப்படிதான் தண்ணீர். மூவரும் படியிறங்கினோம். பாதியில் லுதுகா திரும்பி மேட்டை அண்ணாந்து பார்த்தார்.

"இவ்வளவும் நாம கொட்டினதுதானேடா."

"முக்கால்வாசி நான் கொட்டினது அண்ணே."

"வாயக் கழுவுடா. நீ கூடையை என்னைக்கு முழுசா நிரப்பியிருக்க?"

மதில் வாசல்வரை இருவரும் சண்டையை விடவில்லை. வாசல்காரன் சத்தம் போட்ட பிறகும் விடவில்லை. தண்ணீர் அதன் முறையில்தான் வந்தது. வயலின் மேற்கு மூலை கருகிப்போனது, மிச்சம் பிழைத்தது. அதைப் பார்க்க உர்மெஸ் கடைமடைவரை நடந்து வந்து, பயிர் கருகியது லுதுகா உழுத லட்சணத்தால்தான் என்று சொல்லிவிட்டுப் போனான். லுதுகா அன்று ராத்திரி நன்றாகச் சாப்பிட்டதாக நின்கல்லா சொன்னாள்.