பத்துக் கிளைக்கு மேல் கூடாது

ஓக் மிரியோங் வேலையை விட்டுப் போனது மார்ச் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, மதியச் சாப்பாட்டுக்குச் சற்று முன். அலுவலகச் செருப்பையும் பல்துலக்கியையும் ஒரு பையில் போட்டுக்கொண்டாள். யாரும் எழுந்திருக்கவில்லை. நான்கு வருடம் நாடு நாடாகச் சுற்றிவிட்டு அங்கே சேர்ந்திருந்த நானும்தான்.

கொரியாவின் பூசான் துறைமுகத்தில் எந்தச் சரக்குப் பெட்டகத்தை எங்கே அடுக்குவது என்று சொல்லும் மென்பொருள் எங்களுடையது. அதன் நடுவில் தலைவர் பியோ எழுதிய ஒரே நிரல்பகுதி, தொள்ளாயிரம் வரி. துறைமுகம் எதைக் கேட்டாலும் அதில் இன்னொரு 'இப்படியிருந்தால் அப்படி' சேர்ப்பார். ஒருமுறை குளிர்பெட்டகம் ஒன்று மின்சாரம் இல்லாத இடத்துக்குப் போய், உள்ளே இருந்த கானாங்கெளுத்தி மீன் முழுவதும் நாறிவிட்டது. பிழையைத் தேட எங்களுக்கு ஆறு நாள் பிடித்தது.

அதன் பிறகுதான் மிரியோங் விதி வைத்தாள். ஒரு நிரல்பகுதியில் பத்துக் கிளைக்கு மேல், அதாவது பத்து 'இப்படியிருந்தால் அப்படி'க்கு மேல் இருந்தால் சரிபார்க்கும் கருவி அதைத் தானாகவே திருப்பி அனுப்பிவிடும். இளையவர்களுக்கானது என்று நினைத்துத் தலைவரும் தலையாட்டினார். மறுவாரம் அவருடைய திருத்தமே சிவப்புக் குறியோடு திரும்பியது.

அவருக்கு அவமானமாகிவிடுமே என்று, அவர் கோப்புக்கு மட்டும் விலக்குத் தரும் ஒரு வரியை நான் சேர்த்தேன். மிரியோங் அதை அழித்தாள்.

"உன்னை யாரு கேட்டா?"

"அவர் பெரியவர் அக்கா. எல்லார் முன்னாடியும் சிவப்புல வந்தா எப்படி?"

"நீ எழுதினா சிவப்பு, அவர் எழுதினா பச்சையா?"

தலைவரே அவள் மேஜைக்கு வந்தார். "ஓக் மேடம், உங்க காவல் நாய் வீட்டுக்காரனையே உள்ள விட மாட்டேங்குதே."

"அது ஆளைப் பாத்துக் குரைக்கல சார். பிரிச்சு எழுதுங்க, விட்டுடும்."

"இருபது வருஷமா எழுதறவனுக்கு ஒரு விலக்கு கிடையாதா? ஒண்ணு விதியை எடுங்க, இல்ல நாற்காலியை விடுங்க."

"நாற்காலியை நீங்களே வச்சுக்கங்க சார். விதியை நான் எடுக்க மாட்டேன்."

பதினான்கு மாதம் கழித்து அவளுக்கு அவரிடமிருந்து ஒரு செய்தி வந்தது. நாங்கள் சந்தித்த சூப் கடையில் கைபேசியை என் பக்கம் தள்ளினாள்.

"ஓக் மேடம், உங்க விதியை எடுக்கற திருத்தத்தை நாலு தடவை அனுப்பிட்டேன். அது உள்ள போக ரெண்டு பேர் ஒப்புதல் வேணும். பன்னெண்டு பேர் இருக்காங்க. கேட்டா 'பாக்கறோம் சார்'ங்கறாங்க, ஒருத்தரும் ஒப்புதல் பொத்தானை அழுத்தல. கடைசில நானே உக்காந்து அந்தத் தொள்ளாயிரம் வரியைப் பிரிச்சேன், அறுபத்தொரு துண்டு. புதுசா வந்த பொண்ணு நேத்து ஒரே நாள்ல அதுல ஒரு பிழையைக் கண்டுபிடிச்சுத் திருத்திட்டா. என்னை ஒரு வார்த்தை கேக்கல."