வலது ஓரத்துக் காவலர்

சங்கத்தில் அவளுக்குப் பல்லக்கா என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயரைச் சொன்னால் பாதிப் பேர் திருதிருவென்று முழிப்பார்கள். பல் செட் செய்யும் லேபில் அவளுக்கு வேலை. யாரோ ஒருவருடைய வாயின் பிளாஸ்டர் அச்சு எந்நேரமும் மேசைமேல் இளித்துக்கொண்டிருக்கும். ஒரே சீராக அடுக்கினால் பொய்ப்பல் என்று ஊருக்கே தெரிந்துவிடுமாம். அதனால் ஒரு பல்லைக் கொஞ்சம் திருப்பி வைப்பாள், இன்னொன்றின் ஓரத்தை லேசாகத் தேய்ப்பாள். வேலை முடிந்து வீட்டுக்கு வந்ததும் அதே கை கவசம் செய்ய உட்கார்ந்துவிடும்.

அந்தச் சங்கத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பழைய விண்வெளிப் படம் ஒன்றில் வெள்ளைக் கவசம் போட்ட காவலர்கள் வருவார்கள். அவர்களைப் போலவே உடுத்திக்கொள்பவர்களின் சங்கம் அது. ஏதோ மாறுவேடப் போட்டி என்று நினைத்துவிடாதீர்கள். திரையில் எப்படியோ அப்படியே இருக்க வேண்டும். இடுப்புப் பட்டை எவ்வளவு தொங்கலாம், கண்ணாடியின் பச்சை எந்தப் பச்சை, மார்புத் தகட்டுக்கும் தோள் தகட்டுக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி, எல்லாவற்றுக்கும் விதி உண்டு. படப்பிடிப்பில் அவசரத்தில் ஒரு தகட்டைக் கோணலாக ஒட்டியிருந்தால் நீங்களும் கோணலாகத்தான் ஒட்ட வேண்டும். நேராக ஒட்டினால் தப்பு. திரையில் தெரியாத எதற்கும் ஒப்புதல் கிடையாது. ஒப்புதல் தருபவரை ஸ்கேல் என்று கூப்பிடுவார்கள். ஆம்புலன்ஸ் ஓட்டுகிறவர், தங்கமான மனுஷன். ஆனால் ஆணியின் தலை ஒரு நூல் பெரிதாக இருந்தாலும் ஈவு இரக்கமில்லாமல் திருப்பி அனுப்பிவிடுவார்.

மற்றவர்களுக்கு இது பொழுதுபோக்கு. பல்லக்காவுக்கு அப்படி இல்லை. அந்தப் படத்தின் ஒரு காட்சியை அவள் ஊருக்கு வெளியே, ஆளில்லாத கல்குவாரியில் எடுத்தார்கள். கவசத்துக்குள் நிற்க ஆள் வேண்டுமென்று பக்கத்துத் தகரத் தொழிற்சாலையிலிருந்து சிலரைக் கூட்டிப் போனார்கள். அவர்களில் ஒருவர் அவள் அப்பா. படம் வெளிவருவதற்குள் காய்ச்சலில் போய்ச் சேர்ந்துவிட்டார். அப்போது அவள் தவழ்ந்துகொண்டிருந்தாள். வீட்டில் அவருடைய போட்டோக்கள் இருக்கின்றன, எல்லாவற்றிலும் விறைப்பாக உட்கார்ந்திருக்கிறார். அவர் அசைவதைப் பார்க்க வேண்டுமென்றால் உலகத்தில் அந்த நாலு நொடியை விட்டால் வேறு வழியில்லை. அதிலும் முகம் கிடையாது. விண்கலத்தின் கதவு திறக்கிறது, புகை வருகிறது, புகைக்குள் காவலர்கள் வரிசையாக நிற்கிறார்கள். அதில் யாரோ ஒருவர் அப்பா.

படப்பிடிப்பு முடிந்து வந்தவர், "நான்தான் முதல்ல நின்னேன்" என்று அம்மாவிடம் சொல்லியிருந்தார். அந்த ஒரு வார்த்தையை நம்பி பல்லக்கா வரிசையின் முதல் காவலரைச் செய்யத் தொடங்கினாள். சிவப்புத் தோள் தகடு அவருக்கு மட்டும்தான் உண்டு. அப்பா நின்ற கூட்டுக்குள் தானும் ஒரு தடவை நின்று பார்க்க வேண்டும், அவ்வளவுதான் அவளுக்கு.

பிளாஸ்டிக் தகட்டைச் சூடேற்றி, தொய்ந்து தொங்கும் பதம் வந்ததும் அச்சின்மேல் கவிழ்த்து, காற்றை உறிஞ்சி இழுப்பாள். பதம் தப்பினால் மறுபடியும் முதலிலிருந்து. எதிர்ச்சுவர்த் திரையில் அந்த நாலு நொடிக் காட்சி முடிய முடியத் தானாக மறுபடியும் ஓடிக்கொண்டிருக்கும். பிளாஸ்டர் தூசி வெயிலில் மிதக்கும்போது, திரையின் புகைதான் அறைக்குள் வந்துவிட்டது என்று அவளுக்குத் தோன்றும். சில நாள் கனவில் அந்தப் புகைக்குள் நடந்து போய் முதல் காவலரின் தலைக்கவசத்தை மெல்லக் கழற்றுவாள். உள்ளே இன்னொரு தலைக்கவசம் இருக்கும். அதையும் கழற்றுவாள். விடியும்வரை கழற்றிக்கொண்டே இருப்பாள்.

இப்படியே ஆறு வருஷம் ஓடிப்போனது. அவள் அனுப்பிய கவசத்தின் போட்டோக்களைப் பார்த்து ஸ்கேல் ஒருவழியாக ஒப்புதல் தந்தார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை சங்கத்தின் அணிவகுப்பில் முதல் ஆளாக நடக்கப் போவது பல்லக்கா.

கவசத்தின் முதுகுப் பட்டையைத் தானாக மாட்டிக்கொள்ள முடியாது. போட்டுப் பார்க்கலாமென்று ஒரு மத்தியானம் அம்மாவைக் கூப்பிட்டாள். அம்மா அந்த அறைப் பக்கமே வருவதில்லை. அந்தப் படத்தைப் பார்க்க மனசு வரவில்லை என்று இத்தனை வருஷமும் தள்ளிப் போட்டவள். ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள், பட்டையை இழுத்தாள், தற்செயலாகச் சுவரைப் பார்த்தாள். இழுத்த கை அப்படியே நின்றுவிட்டது.

"முதல்ல நிக்கிறது அவரு இல்லடி."

"என்னம்மா சொல்ற?"

"அந்த ஓரத்துல பாரு. அவருதான்."

திரையின் வலது ஓரத்தில் ஒரு காவலர் பாதி உள்ளேயும் பாதி வெளியேயுமாக நின்றிருந்தார். ஒரு தோள், ஒரு கை, ஒரு கால். அவருக்குச் சங்கத்தில் விதியே எழுதவில்லை. பாதி ஆளுக்கு யார் எழுதுவார்கள்? கையுறைக்குள் அவருடைய கட்டைவிரல் மற்ற விரல்களை ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டிருந்தது.

"எங்க நின்னாலும் இதான். பஸ்ஸுக்கு நின்னாலும் தட்டுவாரு. நீ பொறந்த அன்னிக்கு ஆஸ்பத்திரி வராண்டாவுல இதே வேலை. நர்ஸம்மாவே சிரிச்சாங்க." அம்மாவும் சிரித்தாள். "முதல்ல நின்னாராமே! புளுகு மூட்டை." சொல்லும்போதே கண் நிறைந்துவிட்டது.

"ஏம்மா ஓரத்துல நிக்க வெச்சாங்க?"

அம்மா கொஞ்சம் யோசித்தாள். "அந்த வாரம் வேலையில இடது கையைச் சுட்டுக்கிட்டாரு. நான்தான் கட்டுப் போட்டு அனுப்பினேன். கையுறை ஏறியிருக்காது. கட்டு தெரியக் கூடாதுன்னு தள்ளி விட்டிருப்பாங்க."

பல்லக்காவுக்கு முதலில் ஆத்திரம்தான் வந்தது. ஆறு வருஷம் முன்பின் தெரியாத யாரோ ஒருவருக்குச் சட்டை தைத்திருக்கிறாள்! பிறகு அந்த விரலைப் பார்த்தாள். திரும்பத் திரும்பப் பார்த்தாள். சுட்டுவிரல், நடுவிரல், மோதிர விரல், சுண்டுவிரல். அழுகையும் சந்தோஷமும் ஒன்றாக வந்தன. எத்தனையோ ஆயிரம் தடவை அப்பாவைப் பார்த்திருக்கிறாள், பார்க்கிறோம் என்று தெரியாமலே.

ஸ்கேலுக்குப் போன் செய்தாள்.

"நான் ஓரத்துக் காவலரா வரேன். இடது கையில கட்டோட."

"அக்கா, அவருக்குப் பாதிதானே படத்துல இருக்கு? கட்டு எந்த ஃப்ரேம்ல தெரியுது?"

"எதுலயும் தெரியல. எங்கம்மாவுக்குத் தெரியும்."

அவள் சொன்ன கதை முழுவதையும் ஸ்கேல் கேட்டார். மூக்கை உறிஞ்சினார் என்றுகூடச் சொல்லலாம். ஆனாலும் ஸ்கேல் ஸ்கேல்தான். "அம்மாவை ஆதாரமா வெக்க விதி இல்லையேக்கா. சிவப்புத் தோளோட வாங்க, முதல் இடம் உங்களுக்குத்தான். இப்படின்னா அணிவகுப்புக்குக் கட்டுற கயித்துக்கு வெளிய நின்னு வேடிக்கை பாக்கத்தான் முடியும்."

"வேடிக்கை பாக்கறேன்" என்றாள் பல்லக்கா. சொன்ன பிறகு நெஞ்சில் ஒரு வலி இருக்கத்தான் செய்தது.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. சிவப்புத் தகட்டைக் கழற்றிவிட்டு வெறும் வெள்ளைத் தகடு மாட்டியிருந்தாள். அம்மா எல்லாப் பட்டைகளையும் இறுக்கி, தலைக்கவசத்தையும் கவிழ்த்துவிட்டாள். பச்சைக் கண்ணாடி வழியாக அறை குளத்துக்கு அடியில் இருப்பது மாதிரித் தெரிந்தது. மிச்சம் இருந்தது இடது கை மட்டும்.

அம்மா துணிச்சுருளை எடுத்தாள். யாரும் சொல்லித் தரவில்லை. மணிக்கட்டில் தொடங்கி, கட்டைவிரலைச் சுற்றி, உள்ளங்கைக்குக் குறுக்கே விரல்கள் தாமாகவே போய் வந்தன. நுனியைப் பல்லால் கிழித்து முடிச்சுப் போட்டாள். கட்டிய கையை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு, உயரமாக நின்ற அந்த வெள்ளை உருவத்தை அண்ணாந்து பார்த்தாள்.

"என்னங்க, தண்ணி படாம பாத்துக்கோங்க" என்றாள்.

பல்லக்கா தலைக்கவசத்தைக் கழற்றவில்லை. "சரி" என்றாள். கவசத்துக்குள்ளிருந்து வந்த அந்தக் குரலை யாருடையது என்று சொல்ல முடியவில்லை.