வஜீஹாவின் பத்து விரல்கள்

விசாலாக்ஷிக்கு வாரத்துக்கு ஒரு விமானமாவது உண்டு. தி.நகரில் ஒரு கம்பெனியில் பதினோரு வருஷமாக வேலை. விரலை வைத்தால் வருகை பதிவாகும் மெஷினைத் தொழிற்சாலைகளுக்கு விற்பதும், மாட்டிய இடத்தில் அது மக்கர் செய்தால் போய்ச் சமாளிப்பதும் அவள் பொறுப்பு. புனே, போபால், புவனேஸ்வர் என்று போகாத ஊரில்லை. ஆனால் எந்த ஊரையும் பார்த்ததில்லை. விமான நிலையம், தொழிற்பேட்டை, ஹோட்டல் அறை, மறுபடி விமான நிலையம், அவ்வளவுதான்.

கணவர் சங்கரன் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். காதில் ஆபரேஷன் ஆனதிலிருந்து விமானமே ஏறக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆகவே விமானத்தைப் பற்றி அவருக்குத் தெரிந்ததெல்லாம் அவள் சொல்லும் கதைகள்தான். சித்திரக்குளத்துக்குப் பக்கத்தில் இருக்கும் தங்கள் ஃப்ளாட்டில் அவள் செருப்பைக் கழற்றுவதற்குள் ஆரம்பித்துவிடுவார்.

"இன்னிக்கு என்ன கொடுத்தான்?"

"உப்புமா. கப்புல வெந்நீரை ஊத்தி எட்டு நிமிஷம் மூடி வெக்கணுமாம். திறந்து பாத்தா மேல வெந்நீர், கீழ ரவை. ரெண்டுக்கும் பேச்சுவார்த்தையே இல்லை."

"சாப்ட்டியா?"

"வாங்கிட்டேனே, என்ன பண்றது?"

சக்கரம் தரையில் பட்டதும் மொத்த ஜனமும் எழுந்து, கதவு திறக்கும்வரை கால் மணி நேரம் கழுத்தை ஒடித்துக்கொண்டு நிற்பதை அவள் கூடத்திலேயே நடித்துக் காட்டுவாள். ஒவ்வொரு முறையும் சங்கரன் புதிதாகக் கேட்பதுபோல் சிரிப்பார். தானும் அப்படித்தான் எழுந்து நிற்கிறாள் என்பதை மட்டும் அவள் சொன்னதில்லை.

போன பிப்ரவரியில் ஜெய்ப்பூருக்குப் போகவேண்டி வந்தது. நகைக்கல் பட்டை தீட்டும் தொழிற்சாலை ஒன்றில் மெஷின் மாட்டி இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது. அதற்குள் புகார். காலையில் போய் இறங்கினால், முதலாளி கல்யாணத்துக்குப் போயிருக்கிறார், நாலு மணிக்கு வாருங்கள் என்றார்கள். பதினோரு வருஷத்தில் முதல் தடவையாக ஒரு ஊர் அவள் கையில் சும்மா கிடைத்தது.

ஆட்டோக்காரரிடம், தி.நகர் ஹிந்தி பிரசார சபாவில் பரீட்சை எழுதிக் கற்ற ஹிந்தியில் பேசினாள். அவர் திரும்பிப் பார்த்து, "மேடம், நீங்க ரேடியோல செய்தி வாசிக்கறவங்களா?" என்று மரியாதையாகக் கேட்டார். நிழலைக் கொண்டு நேரம் காட்டும் பழைய ராஜா காலத்து வானியல் கூடத்தில் கொண்டுவந்து இறக்கினார்.

எட்டு மாடி உயரத்துக்குச் சரிவாக ஏறும் சுவர். அதன் நிழல் பக்கத்து வளைவில் விழுந்திருந்தது. வழிகாட்டி நிழலின் ஓரத்தில் விரலை வைத்துக் காட்டினார். ஒரு நிமிஷத்தில் நிழல் மூன்று விரற்கடை தள்ளிப் போய்விட்டது. நேரம் இப்படிக் கண்ணெதிரே நகர்ந்து அவள் பார்த்ததே இல்லை. உடனே சங்கரனைக் கூப்பிட்டாள். அவருக்குச் சாப்பாட்டு இடைவேளை.

"என் வாட்ச்ல ஒரு மணி. இதுல பன்னண்டு இருபதுதான் ஆறது. நாப்பது நிமிஷம் தப்பாக் காட்டறது."

"தப்புன்னு ஏன் சொல்றே? அந்த ஊர் சூரியனுக்கு இப்ப அதான் மணி. நாமதான் சௌகரியத்துக்காக எல்லா ஊருக்கும் ஒரே மணியை வெச்சிண்டிருக்கோம்."

"வகுப்பு எடுக்காதீங்கோ" என்று சிரித்தபடி போனை வைத்தாள்.

நாலு மணிக்குத் தொழிற்சாலை. அறுபது பெண்களில் பதினோரு பேரை மெஷின் ஏற்கவில்லை. தினமும் வேலைக்கு வந்தவர்களை, வரவில்லை என்றே பதிவு செய்திருந்தது; அதை வைத்து அவர்கள் கூலியையும் பிடித்துவிட்டார்கள். கை கழுவாமல் வைத்திருப்பார்கள் என்றுதான் விசாலாக்ஷி நினைத்தாள். முதலில் வந்தவர் வஜீஹா என்ற ஐம்பது வயதுப் பெண். சோப்புப் போட்டுக் கழுவி, துடைத்து, பத்து விரலையும் ஒவ்வொன்றாக வைத்தார். பத்துக்கும் சிவப்பு விளக்கு.

விசாலாக்ஷி அந்தக் கையை வாங்கி வெளிச்சத்தில் பார்த்தாள். விரல் நுனிகள் வழவழவென்று இருந்தன. ஒரு கோடுகூட இல்லை.

"கல்லைச் சக்கரத்துல வெச்சுத் தேய்க்கும்போது விரலும் சேர்ந்துதானே தேயும்?" என்றார் வஜீஹா ஹிந்தியில். "உங்க கம்பெனியில இது யாருக்கும் தெரியாதா?"

குரலில் கோபம் இல்லை. அவர் நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். போன தடவை இதே தொழிற்சாலைக்கு வந்து இந்த மெஷினை விற்றவள் விசாலாக்ஷிதான். அன்றைக்குப் பட்டறைப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. ஏ.சி. அறையில் டீ குடித்துவிட்டுக் கிளம்பிவிட்டாள்.

வெளியே வந்து தி.நகரில் இருந்த மேலதிகாரி சுரேஷ்குமாருக்குப் போன் செய்தாள்.

"பயன்படுத்தறவங்க தப்புன்னு ரிப்போர்ட் எழுதிட்டு ஃப்ளைட்டைப் பிடிங்க மேடம்" என்றார் அவர்.

"அவங்க தப்பு இல்லை சார். நம்ம மெஷினால ஆகாத காரியம் இது."

"அப்படியா எழுதப் போறீங்க?"

"ஆமா சார், அப்படித்தான்."

மெஷினில் அட்டை காட்டிப் பதியும் வசதி இருந்தது. அதைத் திறந்து பதினோரு பேருக்கும் அட்டை போட்டுக்கொடுத்தாள். பிறகு மேனேஜரை உட்காரவைத்து, பட்டறை மேஸ்திரியின் நோட்டைப் பார்த்துப் பார்த்து, விட்டுப்போன நாட்களையெல்லாம் ஒவ்வொருவருக்கும் திருத்தினாள். முடிவதற்குள் விமானம் போய்விட்டது. வஜீஹா புது அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது தேயாதில்ல?" என்று கேட்டுவிட்டு அவரே சிரித்தார்.

மறுநாள் காலை வீட்டுக்கு வந்தபோது, சங்கரன் வழக்கம்போல் விமானத்தைப் பற்றிக் கேட்டார். அவள் வஜீஹாவைப் பற்றிச் சொன்னாள். அவர் முழுவதையும் கேட்டார். முடிந்ததும், "ரெண்டு வாரம் ஆத்துல என்ன சொல்லி சமாளிச்சாளோ" என்று மட்டும் சொன்னார். அது விசாலாக்ஷிக்குத் தோன்றவே இல்லை. அன்று முழுதும் அதையே நினைத்துக்கொண்டிருந்தாள்.

சுரேஷ்குமார் ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகு ஆர்டர் படிவத்தில் ஒரு கேள்வி புதிதாகச் சேர்ந்தது: தொழிலாளர்கள் கையால் செய்யும் வேலை என்ன? மற்ற விற்பனையாளர்கள் பலர் அதைக் காலியாக விட்டுவிடுகிறார்கள். விசாலாக்ஷி அதை நிரப்பாமல் விடுவதில்லை. எந்த ஊருக்குப் போனாலும், டீ வருவதற்கு முன்பே எழுந்து, "முதல்ல பட்டறையைப் பாத்துடலாமா?" என்கிறாள்.