எடுத்து வைத்த பொட்டு

கடலூர் கருவூல அலுவலக வராந்தாவில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அந்த அம்மாவுக்கு அறுபது வயதிருக்கும். ஒல்லியான உடம்பு, மூக்கு நுனியில் கண்ணாடி. ஒன்றுமில்லாத நெற்றியை முந்தானையால் துடைத்துக்கொண்டே இருந்தார்.

கணவர் போன பிறகு குடும்ப ஓய்வூதியம் வாங்கும் நாங்கள், மறுமணம் செய்துகொள்ளவில்லை என்று ஆண்டுதோறும் நேரில் வந்து சொல்ல வேண்டும். எனக்கு அதுதான் முதல் தடவை. சிதம்பரத்தில் பஸ் ஏறியதிலிருந்து பென்ஷன் புத்தகத்தை எடுத்து எடுத்துப் பார்த்துக்கொண்டே வந்தேன். அந்தப் பணத்தில்தான் என் வீடு நடக்கிறது.

அந்த அம்மா என் நெற்றியைப் பார்த்தார்.

“கோச்சுக்காதம்மா, பொட்ட எடுத்துட்டு உள்ள போ. சந்தேகப்பட்டு பென்ஷன நிறுத்திட்டாங்கன்னா?”

“அப்பிடி யாராவது சொன்னாங்களாக்கா?”

“யாரும் சொல்லல. எங்க வீட்டுக்காரரே என்ன சந்தேகப்பட்டதில்ல. இந்த ஆபீசுக்குப் பயப்படுறேன் பாரு.”

சிரித்தபடி தன் செல்போனைத் திருப்பிக் காட்டினார். பின்பக்கத்தில் அவருடைய சிவப்பு ஸ்டிக்கர் பொட்டு ஒட்டியிருந்தது. நானும் என்னுடையதை எடுத்து அதன் பக்கத்தில் ஒட்டினேன்.

உள்ளே இருந்தவர் கம்ப்யூட்டரைப் பார்த்தபடியே, “மறுமணம் இல்லையேம்மா?” என்றார். “இல்ல சார்” என்றேன். விரல் வைக்கச் சொன்னார். என் முகத்தை அவர் பார்க்கவே இல்லை.

எனக்கு முன்பே முடித்துவிட்டு வந்திருந்த அந்த அம்மா, வெளியே செல்போனும் கையுமாக நின்றார்.

“இதுல எது உன்னுது?”

இரண்டும் ஒரே அளவு, ஒரே சிவப்பு. கைக்கு வந்ததை என் நெற்றியில் ஒட்டிவிட்டு, மற்றதைத் தான் வைத்துக்கொண்டார்.

கூச்சத்தில் பேர்கூடக் கேட்கவில்லை. திரும்பும் பஸ்ஸில் நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். அடுத்த வருடம் எடுத்துவிட்டுப் போவேனா, வைத்துக்கொண்டே போவேனா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.